ஆறு வருஷத்தைப் பாதியாக்கியவர்

அந்தச் சாயத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணாடி அக்கா, அவ்வளவுதான். மூக்கில் ஒரு கண்ணாடி, கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு கண்ணாடிச் சாமான். ஆய்வகத்து பீக்கர், பிப்பெட், குடுவை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பதுதான் அவள் உத்தியோகம். சம்பளச் சீட்டில் ‘உதவியாளர், கடைநிலை’ என்று இருக்கும். ஆனால் ஒன்பது வருஷமாக அந்த ஆய்வகத்தை விட்டு வெளியே போன ஒவ்வொரு நிறமும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போனது. இது பாய்லர்காரர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத மாதிரி இருந்தவர் ஒரே ஒருத்தர். பணியாளர் பிரிவு அதிகாரி. பட்டப்பெயர் கழித்தல் சார். யார் எதைக் கேட்டாலும் அதில் கொஞ்சம் கழிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். நாலு நாள் லீவு கேட்டால் மூன்று. இரண்டு ஜோடி கையுறை கேட்டால் ஒன்று. “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்டால்கூட “ஓரளவுக்கு” என்று அதிலும் கழித்துத்தான் பதில் சொல்வார்.

ஆய்வகத் தலைவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் விண்ணப்பம் போட்டார்கள். ஒன்று கண்ணாடி அக்கா. இன்னொன்று கழித்தல் சாருடைய சொந்த மருமகன், அவருடைய பெண்ணைக் கட்டியவன். முடிவைச் சொல்ல அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காருங்க,” என்றார். நாற்காலியில் கோப்புகள் குவிந்திருந்தன. அவள் நின்றாள்.

“நான் யாருக்கும் பாரபட்சம் பாக்கறவன் இல்ல. அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. காலேஜ்ல ஒரு வருஷத்துக்கு அஞ்சு புள்ளி. நீங்க வேதியியல் ஆறு வருஷம். முப்பது.”

“சரி சார்.”

“வெளிநாட்டுப் படிப்பு. அதனால பாதி. பதினஞ்சு.”

“அங்கயும் வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்தான் சார்.”

“இருக்கலாம். அட்டவணைல அப்படி இல்ல.” கால்குலேட்டரை ஒரு தட்டு தட்டினார். “நடுவுல ரெண்டு வருஷம் வேலை பாக்கல. இடைவெளி. நாலு கழிச்சா பதினொண்ணு.”

“பிரசவம் சார் அது. பொண்ணு பொறந்தா.”

“நான் காரணம் கேக்கல. இங்க ஒன்பது வருஷ அனுபவம், ஒன்பது புள்ளி. மொத்தம் இருபது. தலைமைத் தோரணைக்குப் பத்து புள்ளி இருக்கு. அதுல உங்களுக்கு ஒண்ணும் போட முடியல.”

“ஏன் சார்?”

“நேர்காணலுக்கு ஏப்ரனோட வந்தீங்க.”

“கழுவிட்டிருந்தவளைக் கைய புடிச்சு இழுக்காத குறையா கூப்பிட்டு விட்டீங்க.”

“அந்தப் பையனைப் பாருங்க. உள்நாட்டுப் படிப்பு, மூணு வருஷம், பதினஞ்சு. இங்க ரெண்டு வருஷம், ரெண்டு. தோரணைக்குப் பத்து. இருபத்தேழு. இருபத்தேழு பெருசா, இருபது பெருசா? படிச்சவங்க, உங்களுக்கா சொல்லணும்?”

அந்தப் பையன் வேலைக்கு வந்த முதல் நாள் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சி, நீலப் பல்லோடு வீட்டுக்குப் போனவன். பீக்கரில் அளவுக்கோடு எங்கே பார்க்க வேண்டும் என்பதிலிருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். கெட்டவன் இல்லை. அக்கா அக்கா என்று டீயெல்லாம் கொண்டுவந்து கொடுப்பான். அதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு நெருப்பு. மகளுக்குப் பள்ளி முடிந்துவிட்டது. கல்லூரி விண்ணப்பம் பத்து நாளாக மேசையில் கிடக்கிறது, பெயரைத் தவிர ஒரு எழுத்து எழுதவில்லை. தெருமுனைச் செல்போன் கடையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன் என்கிறாள்.

“படிச்சா என்ன கிடைக்கும்னு நம்ம வீட்டுலயே சாம்பிள் இருக்கேம்மா,” என்றாள் மகள். “ஆறு வருஷம் படிச்சு பீக்கர் கழுவுற. அதை நான் பன்னெண்டாவதோட கழுவிட்டுப் போறேன்.”

“நாக்கை அடக்கு.”

“பொய்யா சொல்றேன்? அப்பா பத்தாவது. உன்னை விட ஒண்ணரை மடங்கு சம்பளம்.”

லாரி ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா இதில் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “என் லைசென்ஸும் நாம விட்டுட்டு வந்த அந்த ஊருல வாங்கினதுதான். இங்க ஒரு நாள் ஓட்டிக் காட்டுன்னான், காட்டினேன், முழுசா எடுத்துக்கிட்டான். பாதி லாரி ஓட்ட முடியாது பாரு!” என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடி அக்காவோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள் இரண்டு பேர். மூன்று பேருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே வருஷம், சான்றிதழில் ஒரே கையெழுத்து. ஒருத்தி கடல் தாண்டி இன்னொரு தேசத்துக்குப் போனாள். அங்கே அந்தக் காகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், இன்று அவளுக்குக் கீழே பதினாலு பேர். இன்னொருத்தி சொந்த ஊரிலேயே தங்கினாள், வேலை கிடைக்காமல் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். மூன்றாமவள் இங்கே சிங்க் முன்னால். ஒரே துணியை மூன்றாகக் கிழித்து மூன்று கடையில் மூன்று விலைக்கு விற்ற மாதிரி. இதை மகளிடம் சொல்லிப் படிப்பின் பெருமையை எப்படி விளக்குவது?

ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து காட்டுவது. அது போய்விட்டது. மகளின் விண்ணப்பத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

அன்று அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அந்த ஆளை நாலு பேர் முன்னால் நிற்க வைக்க வேண்டும். அவர் வாயாலேயே அந்த ஆறு வருஷத்தை முழுசாகச் சொல்ல வைக்க வேண்டும். அதுவரைக்கும் தூக்கம் கிடையாது என்று முடிவு பண்ணிவிட்டு, நன்றாகத் தூங்கினாள்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர்கள் ஒரு மாதிரித் துணியைக் கொடுப்பார்கள், இந்த நிறம் வேண்டும் என்று. ஆய்வகத்து மெஷின் அதைப் படித்து, எந்தச் சாயம் எவ்வளவு என்று ஒரு அளவு சொல்லும். அந்த அளவில் ஒரு துண்டுத் துணிக்குச் சாயம் ஏற்றி, மாதிரியோடு சேர்த்து விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். பெட்டியில் மூன்று விளக்கு. கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் வெளிச்சம், பகல் வெளிச்சம். மெஷின் கணக்குப் போடுவது கடை வெளிச்சத்துக்கு மட்டும்தான். அதில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு துணி, வெயிலில் போனால் யாரோ எவரோ என்று நிற்கும். மூன்று விளக்கிலும் பார்க்கப் பொறுமை வேண்டும், பார்த்தாலும் எதைக் குறைப்பது என்று தெரிய வேண்டும். அந்தக் கண் அங்கே ஒருத்திக்குத்தான் இருந்தது.

அதனால் தினமும் சாயங்காலம் சிங்க் பக்கத்து ஜன்னலில் துணித் துண்டைப் பிடித்துப் பார்த்து, ‘சிவப்பு ஒரு சிட்டிகை குறை’, ‘மஞ்சள் கொஞ்சம் ஏத்து’ என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி, கவிழ்த்த பீக்கருக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் காலை பழைய தலைவர் அதை எடுத்து அளவைத் திருத்திக் கையெழுத்துப் போடுவார். அவருக்குப் பிறகு மருமகனும் அப்படியே செய்தான். ஏன் என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

மறுவாரம் அவள் கழித்தல் சார் அறைக்குப் போனாள். இந்த முறை ஏப்ரனைக் கழற்றிவிட்டு.

“சார், என் வேலை என்னென்னன்னு எழுதிக் குடுத்துடுங்க. புதுத் தலைவர் வந்திருக்காரு, நாளைக்கு எதுவும் குழப்பம் வரக் கூடாது.”

அவர் முகம் மலர்ந்தது. வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தார். பச்சை மை பேனாவைத் திறந்தார். “கண்ணாடிச் சாமான் கழுவுறது. புட்டிகளுக்குப் பேர் ஒட்டுறது. துணி எடுத்து வர்றது.”

“நிறம் பாக்கறது?”

“அது உங்க வேலையே இல்ல.”

“அதையும் எழுதிடுங்க சார்.”

எழுதினார்.

“அளவு திருத்தறது?”

“என்ன இது, கடைநிலைல இருக்கறவங்க அளவு திருத்தறதா? எவ்வளவு நாளா நடக்குது?”

“பழக்கதோஷம் சார். அதனாலதான் சொல்றேன். தொடக் கூடாதுன்னு கொஞ்சம் அழுத்தமாவே எழுதிடுங்க.”

‘நிறம் பற்றிக் கருத்துச் சொல்வதோ, அளவில் தலையிடுவதோ இவர் பணி அல்ல. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று எழுதி, அடியில் கோடு போட்டு, முத்திரை குத்தினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். போகிற வழியில் லேமினேட் செய்து, சிங்குக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

மருமகன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “என்னக்கா இது?”

“உங்க மாமனாரு எழுதினது. கையெழுத்து அழகா இருக்குல்ல?”

“அப்ப சீட்டு?”

“சீட்டு எழுதினா என் வேலை போயிடும் தம்பி.”

அவன் மாமனாரிடம் போய்க் கேட்டான். “தலைவனா இருந்துக்கிட்டு பீக்கர் கழுவுறவகிட்ட சீட்டு வாங்குவியா? மெஷின் எதுக்கு இருக்கு?” என்று அவர் சத்தம் போட்டது வராந்தா வரைக்கும் கேட்டது. அதோடு சீட்டு நின்றது.

மூன்றாம் நாள் பெரிய ஆர்டர் வந்தது. பள்ளிச் சீருடை, கருநீலம், முதல் தவணையே நாலாயிரம் மீட்டர். ஏற்கெனவே பிள்ளைகள் போட்டிருக்கும் பழைய சீருடையோடு புதுத் துணி அச்சு அசலாகப் பொருந்த வேண்டும், அதுதான் நிபந்தனை. மெஷின் அளவு சொன்னது. மருமகன் துண்டுத் துணியைப் பெட்டியில் வைத்தான், கடை வெளிச்சத்தில் பார்த்தான், மெஷினும் ‘பாஸ்’ என்றது, கையெழுத்துப் போட்டான்.

அவள் அந்தத் துண்டு போட்டு வந்த தட்டைக் கழுவ எடுத்தாள். ஜன்னல் வெயில் துணியில் விழுந்தது. சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறது, கண்ணை மூடிக்கொள் என்று எழுதவில்லையே. பழைய சீருடை நீலமாகவே நின்றது. புதுத் துண்டு கத்தரிக்காய் நிறத்துக்குத் திரும்பியது. சிவப்பு அதிகம். ஒரு சிட்டிகைதான்.

பென்சிலை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். தட்டைக் கழுவினாள்.

ஒரே ஒரு ஆளுக்காக மட்டும் மனசு உறுத்தியது. சாய மாஸ்டர். நாலாயிரம் மீட்டரையும் எட்டு லாட்டாகப் பிரித்துத் தொட்டியில் ஓட்டப் போகிறவர் அவர்தான், பழியை முதலில் அவர் தலையில்தான் கட்டுவார்கள். டீ நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணே, இந்தக் கருநீலத்துல ஒவ்வொரு லாட்டுக்கும் ஆய்வகத்துல கையெழுத்து வாங்கிட்டு ஓட்டுங்க.”

“எதுக்கு? முதல் லாட்டுக்கு வாங்கினா போதாதா?”

“வாங்குங்கண்ணே.”

அவர் முப்பது வருஷம் சாயத்தில் ஊறியவர். அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். “ஏதோ இருக்கு.”

“எனக்கு நிறம் தெரியாதுண்ணே. சுவத்துல ஒட்டியிருக்கு, படிச்சுப் பாருங்க.”

“சரி தாயி,” என்றவர் எட்டு லாட்டுக்கும் எட்டு கையெழுத்து வாங்கினார். மருமகன் ஒவ்வொன்றையும் பெட்டியில் வைத்து, அதே ஒரு விளக்கைப் போட்டு, எட்டு முறை ‘சரி’ என்று எழுதினான். எட்டாவதுக்குப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

வாங்குகிற மேடம் வந்த அன்று முதலாளியும் வந்தார். கழித்தல் சார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து மருமகனுக்குப் பக்கத்தில் நின்றார், பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்பது மாதிரி. துணிகள் மேசையில் விரிந்தன. குழல் விளக்கின் கீழ் எல்லாம் ஒன்று போல இருந்தன. மேடம் தலையாட்டினாள். பிறகு ஒரு கையில் பழைய சட்டையையும் ஒரு கையில் புதுத் துணியையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று சரக்கு ஏற்றும் வாசலுக்கு நடந்தாள். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். வெயில் பளீரென்று அடித்தது.

“இது என்ன கலர்?” என்றாள் மேடம்.

இரண்டையும் முதலாளியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“பிள்ளைங்க காலைல மைதானத்துல வரிசையா நிப்பாங்க. புதுசா வாங்கினவன் கத்தரிக்கா கலர்ல, பழசு போட்டவன் நீலத்துல. யாரு வீட்டுல புதுசு வாங்க முடிஞ்சது, யாரு வீட்டுல முடியலன்னு தூரத்துலேர்ந்தே தெரியும். இதுக்கா உங்ககிட்ட வந்தேன்? ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லையே!”

முதலாளி சாய மாஸ்டரைப் பார்த்துத் திரும்பினார். மாஸ்டர் எட்டுக் காகிதத்தை நீட்டினார். முதலாளி மருமகனைப் பார்த்தார். மருமகன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் வானத்தைப் பார்த்தார்.

“ஒன்பது வருஷமா இதை யாரு புடிச்சிட்டிருந்தது?” என்று முதலாளி கத்தினார்.

இருபது தலை சிங்க் பக்கம் திரும்பியது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுவரிலிருந்து உரித்த அட்டை கையில் இருந்தது.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமாம்மா?”

“பாத்தேன் சார். சொல்ல எனக்கு அனுமதி இல்ல.” அட்டையைக் கொடுத்தாள்.

முதலாளி படித்தார். மறுபடி படித்தார். பச்சை மைக் கோட்டில் விரலை வைத்தார். கழித்தல் சார், “அது வந்து, அந்தம்மாவே கேட்டு வாங்கினது...” என்று ஆரம்பித்தார்.

“வாயை மூடுய்யா. ஏம்மா, இதைச் சரி பண்ண முடியுமா?”

“முடியும் சார். சாயத்தை இறக்கி மறுபடி ஏத்தணும். அஞ்சு நாள்.”

“சம்பளம் எவ்வளவு வேணும் சொல்லு.”

“அதை அப்புறம் பேசிக்கலாம் சார். சார் எனக்குப் புள்ளி போட்டாரே, அந்தக் கணக்கை மறுபடி போடணும். இங்கயே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

கழித்தல் சாருக்கு வியர்த்துவிட்டது. “விதிப்படி பாத்தா...”

“போடுய்யா,” என்றார் முதலாளி.

தொட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. நிறுத்தவா என்று மாஸ்டர் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள்.

“முதல் வருஷம், அஞ்சு,” என்றார் கழித்தல் சார்.

“கேக்கல சார்!” என்று பாய்லர் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“முதல் வருஷம்! அஞ்சு!”

“முழுசாவா சார்?” என்றாள் அவள்.

“முழுசா!”

இரண்டாம் வருஷம். மூன்றாம் வருஷம். நரம்பு புடைக்கக் கத்தினார். நாலாவதில் குரல் பிசிறியது. யாரோ ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதிலும் அரை டம்ளர்தான் இருந்தது. குடித்துவிட்டு ஐந்தாவதையும் ஆறாவதையும் கத்தினார்.

“இடைவெளி?” என்றாள்.

“கழிக்கல!”

“ஏன் சார்?”

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கைகட்டி நின்றார். “பிள்ளை பெத்ததுக்குக் கழிக்கக் கூடாது!” என்று கத்தினார். சீருடை மேடம் முதல் தடவையாகச் சிரித்தாள்.

முப்பதும் ஒன்பதும் முப்பத்தொன்பது. அவளுக்கு அந்த எண்ணைவிட, அவர் சட்டைக் காலர் நனைந்து ஒட்டிக்கொண்டதைப் பார்க்கத்தான் வயிறு குளிர்ந்தது. இதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டுமா என்று யோசித்தாள். தோன்றவில்லை.

சாயங்காலம் மருமகன் தன் சாமான்களைத் தலைவர் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா. எட்டு தடவை உங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டேன்.”

“எட்டு தடவையும் நீ ஒரே விளக்கைத்தான் போட்ட.”

“நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?”

“நாளைக்கு ஏழு மணிக்கு வா. மூணு விளக்குலயும் எப்படிப் பாக்கறதுன்னு காட்டறேன்,” என்றாள். அவன் சாமான்களை அள்ளிக்கொண்டு தன் பழைய மேசைக்குப் போனான்.

வீட்டில் எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். கழித்தல் சார் மாதிரி கழுத்து நரம்பு புடைக்க “மூணாவது வருஷம்! அஞ்சு!” என்று கத்தியபோது அவள் கணவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். மகள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“அப்ப நீ படிச்சதுக்கு நாற்காலி கிடைக்கலம்மா. பாத்துட்டுச் சும்மா இருந்ததுக்குக் கிடைச்சிருக்கு.”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. “எதைப் பாக்கணும்னு தெரியறதுக்கு ஆறு வருஷம் ஆச்சுடி.”

“அந்த ஆறு வருஷத்தை நீ ஒன்பது வருஷம் சிங்க்ல ஊத்தினியே.”

“ஊத்தினேன். இன்னிக்கு வாங்கிட்டேன்.”

மகள் எழுந்து போய் விண்ணப்பத்தை எடுத்து வந்தாள். வேதியியல் என்று எழுதுவாள், அந்தக் கண் இவளுக்கும் வரும் என்று அம்மா ஒரு நொடியில் எங்கேயோ போய்விட்டாள்.

“அந்த ஆளு என்ன படிச்சிருக்காரு?” என்றாள் மகள்.

“எந்த ஆளு?”

“கழிக்கிறவரு.”

“பணியாளர் நிர்வாகம்னு என்னமோ. எதுக்கு?”

மகள் பாடம் என்ற கட்டத்தில் அதையே எழுதினாள்.

“அடியே! அந்தாளு படிச்ச படிப்பா?”

“பின்ன? நீ துணி கெட்டுப் போகற வரைக்கும் காத்திருந்துதான் ஒருத்தரை நிக்க வெச்ச. அட்டவணை போடற நாற்காலில உக்காந்தா காத்திருக்கவே வேணாம். யாருக்குக் கூட்டணும், யாருக்குக் கழிக்கணும்னு நானே பாத்துக்கறேன்.”

“கூட்டறதுக்கு மட்டும் போ.”

“முதல்ல கொஞ்சம் கழிச்சுட்டு.”

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததை அம்மா பார்த்தாள். அட்டையைச் சுவரில் ஒட்டிய அன்று சிங்குக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்த அதே சந்தோஷம். பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நான் நாளைக்கு வெளியூர் லோடு ஏத்தறேன், நீங்க பேசிக்கங்க,” என்று நழுவினார்.

பெற்றோர் கையெழுத்து என்ற கோட்டைக் காட்டி மகள் பேனாவை நீட்டினாள். கண்ணாடி அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயரை முழுசாக, ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்.